நன்றிக்கு வட்டி உண்டா?

பிளஸ் டூ முடிவு வெளியான மறுநாளே இ-சேவை மையங்களில் கூட்டம் சேர்ந்துவிடும். சாதிச் சான்றிதழுக்கும் இருப்பிடச் சான்றிதழுக்கும் வந்தவர்களோடு முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு மனுப் போட வந்த பிள்ளைகளும் வரிசையில் நிற்பார்கள். இந்த மனு மற்றவற்றைப் போன்றதில்லை. ஒரு குடும்பத்தில் இன்னும் என்ன நடக்கவில்லை என்பதற்கு இது அத்தாட்சி கேட்கிறது. தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள் என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரே படிப்பை எழுத வேண்டும். படிக்கவில்லை, படிக்கவில்லை, ஐந்தாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு என்று அந்தக் கட்டங்கள் நிரம்பும்போது ஒரு வம்சத்தின் கல்வி வரலாறு அரைப் பக்கத்தில் முடிந்துவிடுகிறது. கிராம நிர்வாக அலுவலர் பார்த்து, வருவாய் ஆய்வாளர் பார்த்து, வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து தாள் வந்து சேர்ந்தால், அரசுக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்வியில் சேர்பவருக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. 2010-11 கல்வியாண்டிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது.

சில வருடங்கள் கழித்துப் பட்டமளிப்பு விழா. வாடகைக்கு எடுத்த கறுப்பு அங்கி தோளில் நிற்காமல் நழுவும். கை நீளம் ஒருபோதும் சரியாக இருக்காது. மேடையிலிருந்து இறங்கியதும், அன்று அந்த வரிசையில் நின்ற ஒரு பெண் செய்யும் முதல் வேலை அங்கியைக் கழற்றி அம்மாவுக்குப் போட்டுவிடுவது. அங்கிக்குக் கீழே பட்டுப்புடவையின் கரை தெரிய, கொண்டையின் மேல் தொப்பி உட்காராமல் சாய, அம்மா கூச்சத்தோடு சிரிக்கும் படம் ஒவ்வோர் ஆண்டும் ஆயிரக்கணக்கான கைபேசிகளில் பதிவாகிறது. இந்தச் சடங்கை யாரும் வகுத்துக் கொடுக்கவில்லை, எந்தப் பல்கலைக்கழக விதியிலும் இது இல்லை. ஆனால் தத்துவவாதிகள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி ஒன்று இதற்குள் இருக்கிறது. ஒருவர் செய்துமுடித்த காரியம் யாருடையது? இரண்டு பதில்கள் நம்மிடம் தயாராக உள்ளன. தெருமுனை ஃபிளெக்ஸ் பேனர் சொல்லும் பதில், எல்லாம் அவளுடைய விடாமுயற்சி என்பது. வீட்டில் சொல்லப்படும் பதில், எல்லாம் பெரியவர்கள் போட்ட பிச்சை என்பது. முதல் பதில் கணக்கில் பிழையானது. இரண்டாவது பார்வைக்குப் பணிவாக இருக்கிறது. ஆனால் அது நன்றியைக் கடன் பத்திரமாக்கிவிடுகிறது. பட்டம் பெற்றவர் தன் கூட்டத்துக்கு நன்றியுடையவர், ஆனால் கடனாளி அல்லர் என்பதே என் வாதம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். எந்தச் செயலும் நிறைவேற ஐந்து காரணங்கள் வேண்டும் என்கிறது பகவத்கீதையின் பதினெட்டாம் அத்தியாயம். செயலுக்கு இருப்பிடமாகும் களம், செய்பவன், கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். இவ்வளவும் இருக்கத் தன்னை மட்டுமே கர்த்தாவாகக் காண்பவன் சரியாகக் காணவில்லை என்று அடுத்த சில சுலோகங்களுக்குள் சொல்லிவிடுகிறது. இதைப் பக்தியின் பணிவாக மட்டும் வாசிப்பது வழக்கம். எனக்கு இது நல்ல தணிக்கை அதிகாரி ஒருவரின் குறிப்பைப் போலத் தோன்றுகிறது. செய்பவனும் முயற்சியும் பட்டியலில் இருக்கின்றன, ஆனால் ஐந்தில் இரண்டாக. வள்ளுவரும் இந்த இழுபறியை மறைக்கவில்லை. ஊழைவிட வலியது ஏதும் உண்டா என்று முப்பத்தெட்டாம் அதிகாரத்தில் கேட்டவர், அறுபத்திரண்டில் தளராமல் உழைப்பவர்கள் அந்த ஊழையே புறங்காட்ட வைப்பார்கள் என்கிறார். இரண்டையும் சமரசம் செய்ய உரையாசிரியர்கள் நிறைய பாடுபட்டிருக்கிறார்கள். முரண் முரணாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று எனக்குப் படுகிறது. வாழ்ந்து பார்த்தவர்களுக்கு இரண்டுமே உண்மை.

ஐந்தாவது காரணமான தெய்வத்துக்கு ஒரு கடவுளின் பெயரை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. செய்பவரின் கைக்குள் இல்லாத அத்தனையும் அதில் அடங்கும். தமிழ்நாட்டு முதல் தலைமுறைப் பட்டதாரியின் வாழ்க்கையில் அதைத் தேதி போட்டே காட்டலாம். காமராசர் காலத்தில் 1956 இல் தொடங்கிய மதிய உணவு. எம்.ஜி.ஆர். 1982 இல் விரிவுபடுத்திய சத்துணவு. 2022 இல் வந்த காலை உணவு. பள்ளிக்கும் கல்லூரிக்கும் போக இலவசப் பஸ் பாஸ். தொழிற்கல்விக்கான மாநில நுழைவுத் தேர்வு 2007 இல் நீங்கியது. அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு 2022 இலிருந்து மாதம் ஆயிரம் ரூபாய். இவற்றுக்கு முன்னால் 1921 இன் வகுப்புவாரி அரசாணையும் அதற்காக நடந்த அரசியலும். ஒன்றிய அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதம் இந்திய அளவில் 28.4, தமிழ்நாட்டில் 47. பட்டம் தனிமனிதரின் மனஉறுதியால் மட்டுமே கிடைக்கிறது என்பவர், தமிழ்ப் பிள்ளைகளுக்கு மற்ற மாநிலத்துப் பிள்ளைகளைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் மனஉறுதி இருக்கிறது என்றும் சொல்ல வேண்டியிருக்கும். தமிழ்ப் பெருமை பேசுகிறவர்களும் அவ்வளவு தூரம் போகமாட்டார்கள். பீகாரில் ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு ஆசையும் திறமையும் குறைவில்லை. பேருந்தும் விடுதியும் பக்கத்தில் ஒரு கல்லூரியும்தான் குறைவு.

இதற்கு ஒரு மறுப்பு உடனே வரும், அதில் நியாயமும் இருக்கிறது. அதே சத்துணவைச் சாப்பிட்டு, அதே பேருந்தில் போன பக்கத்து வீட்டுப் பையன் அரியர் வைத்து இரண்டாம் ஆண்டிலேயே நின்றுவிட்டானே, இவள் மட்டும் முடித்தாளே. பெருமையை எல்லாருக்கும் பங்குபோட்டால் அவள் உழைப்புக்கு என்ன மரியாதை? அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸ் 1971 இல் வெளிவந்த தம் நீதிக் கோட்பாட்டு நூலில் இந்த மறுப்புக்கு மிகக் கடுமையான பதிலைத் தந்தார். உழைக்கும் குணமே குடும்பத்தாலும் சூழலாலும் வாய்ப்பது, அதற்கும் ஒருவர் உரிமை கொண்டாட முடியாது என்றார். வாதமாக அதை உடைப்பது கஷ்டம். ஆனாலும் அங்கே ரால்ஸோடு போக எனக்கு மனம் வரவில்லை. விடுதியில் மின்சாரம் போன இரவில் கைபேசி வெளிச்சத்தில் பொறியியல் கணிதத்தை நான்காவது முறையாகப் போட்டுப் பார்த்தவளிடம், அதுவும் உன்னுடையது இல்லை என்று சொன்னால், அவள் என்ற ஆளே மிச்சமில்லாமல் போகிறாள். நன்றி சொல்லவும் யாரோ ஒருவர் வேண்டுமல்லவா? கீதையின் பட்டியல் இந்த இடத்தில் நிதானமாக இருக்கிறது. கர்த்தாவை அது அழிக்கவில்லை; தனியாக நிற்க விடவில்லை, அவ்வளவுதான். நின்றுபோன பையனைப் பற்றியும் அது ஒன்றைச் சொல்கிறது. வென்றவளின் வெற்றியில் ஐந்து காரணம் இருந்தால் தோற்றவனின் தோல்வியிலும் ஐந்து இருக்கும். அப்பாவுக்கு விபத்து நேர்ந்த மாதத்தில் அவன் வேலைக்குப் போயிருக்கலாம். வென்றவருக்குச் சூழலின் துணையைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, தோற்றவருக்கு மட்டும் சோம்பேறி என்று பெயர் வைப்பதுதான் நம் வழக்கமான இரட்டைக் கணக்கு.

தாக்குப்பிடித்தலைப் பற்றிய நம் புகழுரைகளும் இதே போலத்தான். விழா மேடைகளில் மாணவர்களின் கஷ்டத்தைக் கேட்டுக் கைதட்டுகிறோம். பத்து கிலோமீட்டர் நடந்தார், காலையில் பால் ஊற்றிவிட்டு வகுப்புக்கு வந்தார், ஒரே சுடிதாரைத் துவைத்துத் துவைத்து உடுத்தினார். கைதட்டல் முடிந்த பிறகு, அந்தப் பத்து கிலோமீட்டருக்கு ஏன் பேருந்து இல்லை என்று மேடையில் இருப்பவர்களை யாரும் கேட்பதில்லை. துன்பம் வந்தபோது மனம் தளராமல் இருப்பதற்குக் குறளில் தனி அதிகாரமே உண்டு, இடுக்கண் அழியாமை. மாணவர்களுக்கு ஊக்கம் சொல்கிற யாரும் அதைத் தொடாமல் விடுவதில்லை. ஆனால் அது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பொருட்பாலில், பரிமேலழகர் வகுப்பின்படி அரசியலில், அதாவது ஆள்பவனுக்குச் சொல்லும் இருபத்தைந்து அதிகாரங்களின் கடைசியாக. இறைமாட்சியில் தொடங்கி அடுத்ததாகவே கல்வியைப் பேசும் வரிசை அது. எல்லா மனிதருக்கும் பொருந்தும் அறிவுரை என்பதில் சந்தேகமில்லை. எனினும் அது முதலில் நாட்டை ஆள்கிறவனைப் பார்த்துச் சொல்லப்பட்டது. கல்விக்குப் பணம் ஒதுக்கக் கஷ்டமாக இருக்கிறது என்று மனம் தளராதே என்று அரசனுக்குச் சொல்ல வேண்டியதை, பசியோடு வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு நாம் இடம் மாற்றிச் சொல்கிறோம். அந்தப் பிள்ளையின் உறுதியை மதிக்க வேண்டும். அந்த உறுதி தேவைப்பட்டதற்கு வெட்கப்படவும் வேண்டும். ஒரே கைதட்டலில் இரண்டும் அடங்குவதில்லை.

சரி, இத்தனை பேர் பங்களித்த பட்டம் என்றால் அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியது எவ்வளவு? இங்கேதான் நம் மரபுக்குள்ளேயே இரண்டு குரல்கள் பிரிகின்றன. மனிதன் கடனோடு பிறக்கிறான் என்பது வேதகாலக் கருத்து. ரிஷிகளுக்கும் தேவர்களுக்கும் மூதாதையருக்கும் பட்ட மூன்று கடன்களைத் தைத்திரீய சம்ஹிதை சொல்கிறது. அது பிராமணனைப் பற்றி மட்டுமே சொல்கிறது என்பதை மறக்கக் கூடாது. மற்றவர்களில் பலருக்குக் கல்வி மறுக்கப்பட்டது போலவே அந்தக் கல்விக் கடனும் மறுக்கப்பட்டிருந்தது. ஆனாலும் அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ரிஷிகளின் கடன் தீர்வது தட்சிணையால் இல்லை, படிப்பதால். மாணவன் கற்றான் என்றால் கடன் அங்கேயே தீர்ந்தது. தைத்திரீய உபநிடதத்தின் சீக்ஷாவல்லியில் குருகுலத்தை விட்டுப் புறப்படும் மாணவனுக்கு ஆசிரியர் சொல்லும் உரை வருகிறது. இன்றும் சில பல்கலைக்கழகங்களின் பட்டமளிப்பு விழாவில் அதன் பகுதிகளை வாசிக்கிறார்கள். அதில் கற்பதையும் கற்பிப்பதையும் விட்டுவிடாதே என்கிறார், கொடுக்கும்போது நாணத்தோடு கொடு என்கிறார். எனக்கு இவ்வளவு கட்டு என்று ஒரு தொகையை அவர் முன்வைக்கவில்லை. குருவுக்குப் பிரியமான பொருளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போ என்று ஒரு வாக்கியம் உண்டு. ஆனால் உரையின் கனம் முழுவதும் இனி அவன் சந்திக்கப்போகும் மனிதர்கள் பக்கம் இருக்கிறது.

வள்ளுவர் இன்னும் தெளிவாக வெட்டிவிடுகிறார். செய்ந்நன்றி அறிதல் அதிகாரத்தில், உதவியின் அளவு செய்த பொருளைப் பொறுத்தது அன்று, பெற்றவரின் சால்பைப் பொறுத்தது என்கிறார். கடன்காரர்கள் உலகத்தில் இது நடக்காத காரியம். எந்த வங்கியிலும் வாங்கியவரின் பண்புக்கேற்ப அசல் கூடுவதும் குறைவதும் இல்லை. நன்றியைக் கணக்குப் புத்தகத்திலிருந்து அவர் வெளியே எடுத்துவிட்டார். இருபத்திரண்டாம் அதிகாரமான ஒப்புரவறிதலில், கைம்மாறு எதிர்பாராத கடமைக்கு மழையைக் காட்டுகிறார். மழைக்கு யாரும் தவணை கட்டுவதில்லை. ஆனால் மழை பெய்த நிலம் சும்மாவும் இருப்பதில்லை.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பது என்று நினைப்பவர்கள், படித்துவிட்ட ஒரு பெண்ணின் கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டைப் பார்க்க வேண்டும். இதற்காகவா உன்னைப் படிக்க வைத்தோம் என்ற ஒரு வாக்கியம் போதும். நான்கு வருட நன்றி ஒரே நிமிடத்தில் கடனாக மாறி, வட்டியும் ஏறிவிடும். எந்த வேலைக்குப் போகலாம், எந்த ஊருக்குப் போகலாம், யாரைக் கட்டிக்கொள்ளலாம் என்பதெல்லாம் அந்த வட்டியில் அடக்கம். சாதிக்குள்ளேயே கட்டு என்ற கட்டாயமும் பெரும்பாலும் இந்த நன்றியின் பெயரால்தான் வருகிறது. நகையை அடகு வைத்துச் செமஸ்டர் கட்டணம் கட்டிய அம்மாவின் தியாகம் உண்மை. அந்தத் தியாகத்தை மகளின் கழுத்தில் கட்டும் கயிறாக மற்ற உறவினர்கள் திரிக்கிறார்கள், சில நேரம் அம்மாவே திரிக்கிறாள். கொடுத்தது அன்பு என்றால் திரும்பக் கேட்கும் உரிமை அதில் இல்லை. முதலீடு என்றால் அதை அன்பு என்று அழைக்கக் கூடாது. பெற்றோரைப் பட்டதாரிப் பிள்ளை பார்த்துக்கொள்ள வேண்டாமா என்றால், கட்டாயம் வேண்டும். முதுமையில் தாங்குவது படிக்காத பிள்ளைக்கும் உரிய கடமை, பட்டத்துக்கு ஈடாகச் செலுத்துவது இல்லை.

கடனுக்கும் நன்றிக்கும் உள்ள தூரத்தைக் காட்ட அம்பேத்கரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1913 இல் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் தந்த உதவித்தொகையில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். திரும்பி வந்து பத்தாண்டுகள் பரோடா சமஸ்தானத்தில் பணிபுரிவதாக ஒப்பந்தம். 1917 இல் சொன்னபடி போய்ச் சேர்ந்தார். அந்த ஊரில் அவருக்குத் தங்க அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரோடு தங்கினார், தடியோடு வந்த கும்பல் அங்கிருந்தும் விரட்டியது. சில நாட்களிலேயே பரோடாவை விட்டு வெளியேறினார். ஒப்பந்தத்தின் கணக்கில் அது பாக்கி. ஆனால் 1945 இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கி, 1946 இல் பம்பாயில் சித்தார்த் கல்லூரியைத் திறந்தவர் அந்த உதவித்தொகையை மறந்தவர் என்று யார் சொல்ல முடியும்? நன்றி சேர வேண்டிய முகவரி மாறியிருந்தது. தான் நின்ற இடத்தில் நின்று காத்திருக்கும் அடுத்தவரின் முகவரி அது.

இங்கே இரண்டாவது மறுப்பு, முதலாவதைவிடக் கசப்பானது. துணைநின்ற சமூகம் என்று அழகாகச் சொல்கிறோம். பலருக்கு அப்படி ஒன்று இருந்ததே இல்லை. பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பினால் கெட்டுப்போவாள் என்றது அதே தெரு, காலனிப் பையனுக்கு எதற்கு இஞ்சினீயரிங் என்று கேட்டது அதே ஊர், வெற்றி பெற்றதும் பேனர் வைத்துப் பங்கு கேட்பதும் அதே ஊர்தான். புதுக்கோட்டையில் முத்துலட்சுமி ரெட்டி ஆண்கள் படித்த கல்லூரியில் சேர்ந்தபோது எதிர்ப்பு எழுந்தது, மன்னரின் அனுமதியால்தான் இடம் கிடைத்தது. 1912 இல் அவர் மருத்துவப் பட்டம் பெற்றபோது எதிர்த்தவர்களுக்கும் நன்றி சொல்லியிருக்க வேண்டுமா? வேண்டாம் என்பதே என் பதில். முட்டுக்கட்டை போட்டதால்தானே உறுதி வந்தது என்று சமாதானம் சொல்வது, முதுகில் குத்தியவரை வைத்தியர் என்று அழைப்பதற்குச் சமம். சமூகம் என்பது ஒற்றை ஆள் இல்லை. மறித்தவர்களும் அதில் உண்டு, வழிவிட்டவர்களும் உண்டு, தாங்கள் வழிவிட்டோம் என்றே தெரியாதவர்களும் உண்டு. சத்துணவுக் கூடத்தில் பருப்பைக் கடைந்த ஆயாவுக்குத் தான் ஒரு டாக்டரை உருவாக்கியது தெரியாது. பாஸைக் கொண்டுவர மறந்த நாளில் ஏறிக்கோ என்ற கண்டக்டருக்கும் தெரியாது. ஒருவரிடம் எதுவும் பெறாமலேயே அவருக்குச் செய்யும் உதவிக்கு மண்ணும் விண்ணும் ஈடாகாது என்று வள்ளுவர் சொன்னது இவர்களைப் பற்றித்தான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இவர்களுக்குத் திருப்பிச் செலுத்த வழியே இல்லை, பெயரே தெரியாதே.

பட்டம் வாங்கியவர்கள் வேலையில்லாமல் உணவு டெலிவரி வண்டி ஓட்டும்போது என்ன கொண்டாட்டம் வேண்டிக்கிடக்கிறது என்ற கேள்வியும் உண்டு. வேலையின்மை உண்மையான துயரம். அதற்குப் பொறுப்பானவர்களைக் கேட்க வேண்டிய இடம் வேறு. அங்கியை அம்மாவுக்குப் போட்டுவிடும் பெண் சம்பளச் சீட்டைக் கொண்டாடவில்லை. படிக்கவில்லை, படிக்கவில்லை என்று நிரம்பிய அந்த மனுவின் கட்டங்களை மூடிவிட்டதைக் கொண்டாடுகிறாள்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857 இல் தொடங்கியபோது அதன் முதல் பட்டதாரிகளாக வந்தவர்கள் இருவர், இருவருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள். ஒருவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. மற்றவர் விசுவநாதபிள்ளை, வட்டுக்கோட்டைச் செமினரியில் அவருக்கு ஆசிரியராக இருந்தவர். ஆசிரியரும் மாணவரும் ஒரே தேர்வை எழுதி ஒன்றாகப் பட்டதாரி ஆனார்கள். அந்தப் பட்டத்தில் யார் யாருக்குக் கடன்பட்டவர்? கேள்வியே அபத்தமாகிவிடுகிறது. தாமோதரம்பிள்ளை பிறகு செய்தது நாடறிந்தது. செல்லரித்த ஏடுகளைத் தேடி அலைந்து, வீரசோழியத்தை 1881 இலும் கலித்தொகையை 1887 இலும் அச்சேற்றினார். அந்த நூல்களை இயற்றியவர்கள் இறந்து நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. அச்சான புத்தகத்தை வாங்கியவர்கள் பலருக்கு அவர் முகம்கூடத் தெரியாது.

இ-சேவை மைய வரிசைக்குத் திரும்பினால், அந்தச் சலுகையில் ஒரு விதி இருக்கிறது. ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான் அது. அக்கா பட்டதாரி ஆகிவிட்டால் தம்பி அதைக் கேட்க முடியாது. அவளுடைய பிள்ளைகளும் கேட்க முடியாது. தாய் என்ற கட்டத்துக்கு எதிரே, முதல் முறையாக, ஒரு பட்டத்தின் பெயரை எழுத வேண்டிவரும். மனு அத்தோடு தள்ளுபடி.